மூன்று டாக்டர், மூன்று பெயர்: இமைத் துடிப்போடு வரும் வலிப்பு

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அக்கா மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பெண்ணுக்கு 14 வயது, நன்றாகப் படிக்கிறாள். ஏழு வயதிலிருந்தே கண்ணைப் படபடவென்று கொட்டுவாள், வெயிலில் இறங்கினால் இன்னும் அதிகம். கண் டாக்டர் கண்ணாடியும் சொட்டு மருந்தும் கொடுத்தார், பள்ளியில் டீச்சர் சேட்டை என்று திட்டினார். ஆறு மாதமாகக் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து தெறித்து விழுகிறது. பங்குனித் திருவிழாவுக்கு இரவெல்லாம் கண்விழித்த மறுநாள் பெரிய வலிப்பே வந்துவிட்டது. ஒரு டாக்டர் இது ஆப்சென்ஸ் வகை, அதாவது சில நொடி நினைவு போகிற வலிப்பு என்கிறார், இன்னொருவர் ஜே.எம்.இ., அதாவது விடலைப் பருவத்தில் தொடங்கிக் கை வெட்டுகிற வலிப்பு என்கிறார், மூன்றாமவர் ஜீவன்ஸ் சிண்ட்ரோம், அதாவது இமை துடிக்கிற வலிப்பு என்கிறார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. ஒரு தடவைதான் எடுத்திருக்கிறார்கள், அது நார்மல். யார் சொல்வது சரி என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: அக்காவுக்கும் சின்ன வயதிலிருந்தே கண் கொட்டும், அது குடும்பப் பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

அந்தக் கடைசி வரிக்கு முடிவில் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. தஞ்சாவூரில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுக்கிற ஆள். ஓர் ஓரமாக உட்கார்ந்து நிறைய கண்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்று டாக்டரில் யாரும் உளறவில்லை. இந்த மூன்று வலிப்புகளும் பங்காளி வீடுகள் மாதிரி, ஒரே கொல்லை, நடுவில் வேலிகூடச் சரியாக இருக்காது. ஆப்சென்ஸிலும் இமை துடிக்கும், ஜே.எம்.இ.யிலும் சிலருக்கு இமை துடிக்கும், ஜீவன்ஸ் உள்ளவர்களுக்கும் கை லேசாக வெட்டும், பெரிய வலிப்பு மூன்றிலும் வரலாம். ஆகவே என்னென்ன இருக்கிறது என்று எண்ணினால் விடை கிடைக்காது. எது முதலில் வந்தது, எது ஓங்கி நிற்கிறது, எது அதைக் கிளப்புகிறது என்று பார்க்க வேண்டும். இமை விஷயத்தில் கிளப்புவது பெரும்பாலும் ஒன்றுதான்: வெளிச்சத்தில் கண்ணை மூடுவது.

முதலில் இமையைப் பார்ப்போம். ஜீவன்ஸில் வருவது சாதாரணக் கண் சிமிட்டல் இல்லை. நொடிக்கு மூன்று முதல் ஆறு தடவை இமை வெட்டி வெட்டித் துடிக்கும், அதோடு கருவிழி மேலே ஏறும், பல பிள்ளைகளுக்குத் தலையும் லேசாகப் பின்னால் சாயும், யாரோ உச்சியைப் பிடித்து மெதுவாக இழுக்கிற மாதிரி. மொத்தமும் சில நொடிதான், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணி மாளாது. துடிப்பு கொஞ்சம் நீண்டால் நினைவு ஒரு கணம் மங்கும், பேச்சு நடுவில் தடுமாறும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தொடரும். பிள்ளைக்கே பல நேரம் தெரியாது. அதனால்தான் அதைப் பழக்கம் என்றும் கெட்ட பழக்கம் என்றும் சொல்லிவிடுகிறோம்.

டிக் என்று சொல்கிற பழக்கத் துடிப்பு வேறு. அதில் கண்ணை இறுக்கி மூடுவார்கள், மூடுவதற்கு முன் உள்ளே ஓர் அரிப்பு மாதிரி உந்துதல் இருக்கும், "கொஞ்ச நேரம் அடக்கு பார்ப்போம்" என்றால் கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். கருவிழி மேலே ஏறாது, நினைவு மங்காது.

சிறு வயது ஆப்சென்ஸ் வேறு மாதிரி. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். பிள்ளை செய்கிற வேலையை அப்படியே நிறுத்தி, பத்து நொடி போல வெறித்துப் பார்க்கும், கூப்பிட்டால் கேட்காது. அதிலும் இமை துடிக்கும், ஆனால் அங்கே துடிப்பு ஓரத்தில் இருக்கிற சங்கதி, நினைவு போவதுதான் நடுவில். ஜீவன்ஸில் அப்படியே தலைகீழ்: இமைதான் நடுவில், நினைவு மங்குவது ஓரத்தில், சில சமயம் அதுவும் இருக்காது. கிளப்பும் வழியும் வேறு. மருந்து ஆரம்பிக்காத ஆப்சென்ஸ் பிள்ளையிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னால் போதும், பெரும்பாலும் என் கண் முன்னாலேயே வந்துவிடும், திரையில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் ஸ்பைக் என்கிற கூர்முனையும் அலையும் பிசகாமல் ஓடும். ஜீவன்ஸில் ஸ்பைக்குகள் கொத்துக் கொத்தாக வரும், வேகம் மூன்றிலிருந்து ஆறு வரை போகும், சீராகவும் இருக்காது. ஊதினால் இதிலும் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் ஊதாமலே, "கண்ணை மூடும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னாலே வரும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், இப்போது நான் இல்லாத ஓர் இடத்தில், பத்து வயதுப் பெண்ணுக்கு இ.இ.ஜி. எடுத்தேன். கோடை மதியம், கரண்ட் போய்விட்டது. மெஷின் யு.பி.எஸ்ஸில் ஓடியது, அறையில் டியூப்லைட் இல்லை, வெயிலுக்காக ஜன்னல் திரையையும் இழுத்து விட்டிருந்தோம். இருட்டாக இருந்தால் பிள்ளை தூங்கும், நமக்கும் நல்லது என்று நினைத்து அப்படியே எடுத்து முடித்தேன். கண்ணைத் திற, மூடு என்று முறைப்படி எல்லாம் சொன்னேன். திரையில் ஒன்றுமே இல்லை. நார்மல் என்று ரிப்போர்ட் போனது. எட்டு மாதம் கழித்து அதே பெண் பெரிய வலிப்போடு வந்தாள். அன்று அறையில் நல்ல வெளிச்சம். கண்ணை மூடச் சொன்னேன், ஓரிரு நொடிக்குள் திரை முழுக்க ஸ்பைக் கொத்து, இமை படபடக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்திலிருந்த சீனியர் எழுந்து போய் விளக்கை அணைத்தார், ஜன்னல் திரையை மூடினார், மறுபடி கண்ணை மூடச் சொல் என்றார். ஒன்றும் வரவில்லை. விளக்கைப் போட்டார், வந்தது.

இமையோடு வரும் வலிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த டியூப்லைட் சுவிட்ச்தான். கண் மூடியிருப்பது அதைக் கிளப்பவில்லை, வெளிச்சம் இருக்கும்போது மூடுகிற அந்தக் கணம் கிளப்புகிறது. இருட்டில் மூடினால் அநேகமாக வராது. இதற்கு நேர் எதிராக இன்னொரு வகையும் உண்டு: பார்வை எதிலும் ஊன்றாதபோது வருவது. அதில் கண் மூடியிருக்கும் வரை அலைகள் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், கும்மிருட்டில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் வரும். மூடியவுடன் வந்து சில நொடியில் நின்றால் முதல் வகை, மூடியிருக்கும் வரை நிற்காவிட்டால் இரண்டாவது. ரிப்போர்ட்டில் இரண்டையும் ஒரே வரியில் "கண் மூடும்போது மாற்றம்" என்று எழுதிவிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியால் பிள்ளை எந்தப் பக்கம் என்பதே மாறிப்போகும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணின் நார்மல் இ.இ.ஜி.யை நான் அவ்வளவாக மதிக்க மாட்டேன். அறையில் வெளிச்சம் இருந்ததா, எத்தனை தடவை கண்ணைத் திறந்து மூடச் சொன்னார்கள், மின்னும் விளக்குச் சோதனை செய்தார்களா, செய்தால் கண் மூடியபடி மட்டுமா என்று கேளுங்கள். அந்த விளக்கைக் கண் திறந்திருக்கும்போது, மூடியிருக்கும்போது, மூடுகிற கணத்தில் என மூன்று விதமாகவும் காட்ட வேண்டும். மூன்றாவதுதான் அதிகம் கிளப்பும், அவசரத்தில் விடுபடுவதும் அதுதான். நொடிக்கு 15 முதல் 20 மின்னல் என்ற அளவில்தான் பலருக்குச் சட்டென்று வெளிப்படும்.

இப்போது காபி டம்ளருக்கு வருவோம், ஏனென்றால் ஜே.எம்.இ. என்று சொன்ன டாக்டர் அதைத்தான் பிடித்திருக்கிறார். 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கி, தூக்கம் கலைந்து எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கையும் தோளும் திடுக்கென்று வெட்டும், நினைவு தப்பாது. பல் தேய்க்கிற பிரஷ், சீப்பு, தோசைக் கரண்டி எல்லாம் பறக்கும். நம் ஊரில் இதைக் கைநடுக்கம் என்பார்கள், பரீட்சைப் பயம் என்பார்கள், சொன்ன அம்மாவும் நம்பிவிடுவார். தூக்கம் கெட்டால் அதிகமாகும். பிரான்சில் எர்ப்பின் என்பவர் 1867லேயே இப்படி ஒரு நோயாளியை விவரித்திருக்கிறார், ஜெர்மனியின் யான்ஸ் 1957இல் இதைத் தனி வலிப்பாக நிறுவினார். ஜே.எம்.இ.யிலும் கணிசமானவர்களுக்கு மின்னும் வெளிச்சம் ஆகாது, அவர்களில் சிலருக்குக் கண் மூடும்போதும் ஸ்பைக் வரும், சிலருக்கு இமையும் துடிக்கும். அப்படியானால் இமை துடிக்கிற ஜே.எம்.இ. எது, கை வெட்டுகிற ஜீவன்ஸ் எது?

நேர்மையாகச் சொன்னால் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது. டாக்டர்களே இதில் ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால் வரிசையைப் பார்க்கலாம். ஜீவன்ஸ் பெரும்பாலும் 2 முதல் 14 வயதுக்குள் தொடங்கும், ஆறு முதல் எட்டு வயதில் அதிகம், பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இமை வருஷக்கணக்கில் முன்னால் ஓடியிருக்கும், கை பின்னால் வந்து சேரும், வந்தாலும் சாதுவாக இருக்கும். ஜே.எம்.இ.யில் கைதான் வாசலில் நிற்கும், இமையைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பெண்ணுக்கு ஏழு வயதில் இமை, 14இல் கை. எழுதியிருப்பதை வைத்து மட்டும் சொன்னால் மூன்றாவது டாக்டர் பக்கம் என் மனம் சாய்கிறது. ஆனால் காலையில் எழுந்தவுடன் கை வெட்டுவது தினசரி நடந்து, அதுவே பெரிய தொந்தரவாக வளர்ந்தால் இரண்டாவது டாக்டரை ஒதுக்க முடியாது. அதற்கு இரவு தூக்கத்தைக் குறைத்து, காலையில் தூங்க வைத்து, எழுப்பியவுடன் எடுக்கிற இ.இ.ஜி. உதவும். இரவு விழிக்க வைப்பதே வலிப்பைக் கிளப்பலாம் என்பதால் அதை டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

இன்னும் சில பங்காளிகள் உண்டு, சுருக்கமாகத் தாண்டிவிடுகிறேன். நினைவு மங்கும்போது இரண்டு தோளும் ஒரே தாளத்தில் வெட்டி, கை படிப்படியாக மேலே ஏறினால் அது மயோக்ளோனிக் ஆப்சென்ஸ். வாய் ஓரமும் உதடும் துடித்தால் வேறு கணக்கு. வெயிலைப் பார்த்து முகத்தைத் திருப்பி, விரலை விரித்துக் கண் முன்னால் கையை ஆட்டுகிற பிள்ளைகள் உண்டு, அதற்குச் சூரியகாந்தி சிண்ட்ரோம் என்று பெயர், ஆசையில் செய்கிறதா அனிச்சையாகச் செய்கிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வெயிலும் கண்ணும் சேர்ந்த வலிப்பை 1932இலேயே ராடோவிச்சி என்ற டாக்டரின் குழு எழுதியிருக்கிறது. பேச்சும் நடையும் தள்ளிப்போன குழந்தைக்கு இமை துடித்தால், அதுவும் சாப்பிடும்போது அதிகமானால், சின்கேப்-1 என்ற மரபணுவைச் சோதிக்கச் சொல்வார்கள். சி.எச்.டி.2 இன்னொன்று. நன்றாகப் பேசி நடந்துகொண்டிருந்த பிள்ளை படிப்பிலும் நடையிலும் வருஷா வருஷம் பின்னால் போனால் அது முற்றிலும் வேறு, தாமதிக்கவே கூடாது. நன்றாகப் படிக்கிற உங்கள் பெண்ணுக்கு அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

ஜீவன்ஸ் என்ற பெயர் இங்கிலாந்தில் பர்மிங்காமைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் ஜீவன்ஸ் 1977இல் இதைத் தனியாகப் பிரித்துச் சொன்னதால் வந்தது. 2022இல் உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் வெளியிட்ட வகைப்பாட்டில் "இமைத் துடிப்புடன் கூடிய வலிப்பு" என்று மாற்றிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒன்றுதான், வேறு வேறு நோய் என்று பதற வேண்டாம்.

பெயர் அவ்வளவு வழுக்குகிறதென்றால் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். மாத்திரைக்காகத்தான். "ஃபிட்ஸ்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் பல இடங்களில் ஃபினைட்டாயினோ கார்பமசெபினோ எழுதிவிடுவார்கள், வேறு வகை வலிப்புக்கு அவை நல்ல மருந்துகள். இந்தக் குடும்பத்துக்கு ஆகாது. கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் இரண்டும் ஆப்சென்ஸையும் கைவெட்டையும் அதிகமாக்கலாம். மாத்திரை ஆரம்பித்த பிறகு டம்ளர் இன்னும் அதிகமாகத் தெறிக்கிறது என்றால், "மருந்து பிடிக்க நாளாகும்" என்று வீட்டில் காத்திருக்காமல் டாக்டரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் தொடர் வலிப்பாகிவிடலாம்.

இந்த மூன்றிலும் நன்றாகக் கேட்கிற மருந்து வால்ப்ரோயேட். ஆனால் பெண் 14 வயது. நாளை கல்யாணம், கர்ப்பம் என்று வரும்போது அந்த மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு உடற்குறையோடு பிறக்கலாம், நூற்றுக்கு 30 முதல் 40 வரை வளர்ச்சியிலும் படிப்பிலும் சிக்கல் வரலாம். ஆகவே பெண்களுக்கு லெவெடிராசெட்டம் மாதிரி வேறொன்றில் தொடங்கிப் பார்ப்பார்கள். லாமோட்ரிஜின் சிலருக்கு நல்லது, சிலருக்குக் கைவெட்டை அதிகமாக்கும். இதையெல்லாம் இப்போதே டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்பது அக்காவின் வேலை. கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள்.

எத்தனை வருஷம் என்பதும் பெயரைப் பொறுத்தது. சிறு வயது ஆப்சென்ஸ் பலருக்குப் பெரியவர்களாகும்போது விலகிவிடும். ஜே.எம்.இ. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் விட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். ஜீவன்ஸில் பெரிய வலிப்பு நின்ற பிறகும் இமைத் துடிப்பு பிடிவாதமாக நிற்கும், நடு வயதிலும் இருக்கும். இமை இன்னும் துடிக்கிறது என்பதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

நம் ஊர் வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். சாலையின் இரண்டு பக்கமும் தென்னை, பஸ்ஸில் ஜன்னல் ஓரம், மாலை வெயில் மரத்துக்கு மரம் வெட்டி வெட்டி முகத்தில் அடிக்கும். நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயலில் அலை மேல் வெயில் சிதறும். திருவிழா சீரியல் லைட், கல்யாண மண்டபத்து டி.ஜே. விளக்கு. இவை எல்லாம் என் அறையில் இருக்கிற மின்னும் விளக்கின் அண்ணன் தம்பிகள். வேகம் ஒத்துப்போனால் போதும். ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒரு டி.வி. கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் ஒரே மாலையில் அறுநூற்றுக்கும் அதிகமான பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் இரண்டு கண்ணையும் மூடுவதைவிட ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்துவது மேல். மூடினால்தான் கிளம்புகிற பிள்ளைக்குக் கண்ணை மூடு என்று சொல்வது தவறு, ஆனால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நீல நிறக் கண்ணாடி சிலருக்கு நன்றாக உதவுகிறது, கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு நீலம் இல்லை, அதற்கென்றே செய்த லென்ஸ். பெரிய வலிப்பு ஒருமுறை வந்துவிட்டதால் ஆற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் தனியாகக் குளிக்க விடாதீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும், இவள் மட்டும் கரையில் நிற்கச் சம்மதிக்க மாட்டாள், யாராவது பெரியவர் கூடவே இறங்குங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவி இரும்பு எதுவும் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம்.

அடுத்த இ.இ.ஜி.க்குப் போகும் முன் போனில் இரண்டு வீடியோ எடுங்கள். ஒன்று, வாசலில் நல்ல வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரிய, "மூடு, திற, மூடு, திற" என்று மெதுவாகச் சொல்லி ஒரு நிமிடம். இன்னொன்று, காலை எழுந்ததும் அவள் காபி குடிக்கிறது, கையும் தோளும் தெரிய. டாக்டர் எழுதுகிற சீட்டில் "இமைத் துடிப்பு, கண் மூடும்போது பார்க்கவும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வெறுமனே "ஃபிட்ஸ்" என்று வந்தால் என்னைப் போன்ற ஆள் பிள்ளையைத் தூங்க வைக்க விளக்கை அணைத்துவிடுவான்.

அப்புறம் அக்கா. இந்த வலிப்பு குடும்பத்தில் ஓடுவது சகஜம், அம்மாவின் குடும்பப் பழக்கம் மகளின் நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வயது ஏற ஏற மின்னும் விளக்குக்கு வருகிற எதிர்வினை குறையும், அதனால் அக்காவின் இ.இ.ஜி. சுத்தமாக வந்தாலும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் டாக்டரிடம் சொல்லி அன்றைக்கே அவருக்கும் ஒன்று எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அவரையும் அந்த வீடியோவில் மூடித் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரட்டும், இல்லாவிட்டால் என் பேஸ்ட் ஒட்டாது.